பிக்கப் விலையும் நம் சம்பளக் கணக்கும்

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் இளைஞர் ஒருவரை நிறுத்தி, "தம்பி, கையிலே கொஞ்சம் பணம் சேர்ந்தா என்ன வாங்குவே?" என்று கேட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் மோட்டார் சைக்கிள் என்பார்கள். இப்போது பலரும் சொல்வது பிக்கப். ஆசை தப்பில்லை. பிக்கப் ஒன்று வாசலில் நின்றால் பக்கத்துச் சிறுதோட்டக்காரரின் குலையை ஆலைக்கு ஏற்றலாம். விடியற்காலைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றலாம். பழைய இரும்பு எடுக்கலாம். கலியாண வீட்டுக்கு நாற்காலியும் கூடாரமும் கொண்டு போகலாம். காலையில் பிரட்டுக்குப் போய்க் கிராணியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. சொந்தக் காடி, சொந்தத் தொழில்.

ஆனால் காடிக் கடைக்குள் நுழைந்து விலைச் சீட்டைப் பார்த்ததும் கால் தரையில் ஒட்டிக் கொள்கிறது. ஒற்றை வரிசை இருக்கை உள்ள சாதாரண வண்டியே புதிதாக ஒரு லட்சம் வெள்ளியை ஒட்டி நிற்கிறது. இரண்டு வரிசை இருக்கை, நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம் என்று போனால் ஒன்றரை லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது. 2022-ல் நம் நாட்டுக்கு வந்த ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் என்ற பிக்கப்பின் விலை இரண்டரை லட்சத்துக்கும் மேல். அந்த விலைக்குச் சில ஊர்களில் வீடே வாங்கலாம்.

"என்னா அண்ணே இது, சாமான் ஏத்தற வண்டிக்கா இந்த விலை?" என்று நம்மிடம் கேட்காத தோட்டம் இல்லை. கேள்வி நியாயமானது. இதற்கு ஒட்டுக்கடையில் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் வரிப்பா. கவர்மெண்டு வரி." தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்தப் பதில் சரியா என்று முதலில் பார்ப்போம்.

வரி மட்டுமா காரணம்?

நம் நாட்டில் காருக்கு வரி கடுமை என்பது உண்மை. பயணிகள் காருக்குக் கலால் வரி மட்டும் 60 விழுக்காட்டிலிருந்து 105 விழுக்காடு வரை போகிறது. அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. 1983-ல் புரோட்டோன் கம்பெனி அமைந்து, 1985-ல் சாகா கார் வெளிவந்த காலம் முதல், உள்நாட்டுக் காரைக் காப்பாற்ற வெளிநாட்டுக் காருக்கு வேலி போட்டார்கள். அந்த வேலியின் கதையை இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் பிக்கப் அந்த வேலிக்கு வெளியே நிற்கும் மாடு. சட்டத்தின் கண்ணில் அது சரக்கு வாகனம். கார் சுமக்கும் கலால் வரிச் சுமை அதன்மேல் ஏறுவதில்லை. தாய்லாந்திலிருந்து வரும் வண்டிக்கு ஆசியான் ஒப்பந்தத்தால் இறக்குமதித் தீர்வையும் கிடையாது. விற்பனை வரி உண்டு, அவ்வளவுதான். ஆகவே "எல்லாம் வரி" என்ற பேச்சு காருக்குப் பொருந்தும், பிக்கப்புக்குப் பொருந்தாது.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. வரி குறைவாக இருந்ததே விலை ஏறியதற்கு ஒரு காரணமாகிவிட்டது! எப்படி என்று கேட்பீர்கள். நகரத்துக்காரர் ஒருவர் உயரமான பெரிய குடும்ப வண்டி வாங்கப் போனால் கலால் வரி சேர்ந்து விலை எங்கோ நிற்கிறது. அதே உயரத்தில், அதே கம்பீரத்தில், ஐந்து பேர் உட்காரும் இரண்டு வரிசைப் பிக்கப் அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. சாலை வரியும் குறைவு. பின்னால் இருக்கும் தொட்டியில் ஒரு நாளும் மண் படாவிட்டால் என்ன? அவர் பிக்கப்பை வாங்கிவிட்டார். அவரைப் போலப் பல ஆயிரம் பேர் வாங்கினார்கள். கம்பெனிக்காரன் யாரைப் பார்த்து வண்டி செய்வான்? தொட்டியில் குலை ஏற்றுகிறவனைப் பார்த்தா, தோல் இருக்கை கேட்கிறவரைப் பார்த்தா?

வண்டியே வேறு வண்டியாகிவிட்டது

நம்மில் வயதானவர்களுக்குப் பழைய டட்சன் பிக்கப் நினைவிருக்கும். தகரக் கதவு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி, வெயிலில் சுடும் ரெக்சின் இருக்கை. கெட்டுப் போனால் தோட்டத்து மெக்கானிக்கே ஸ்பேனரோடு கீழே படுத்துச் சரி செய்துவிடுவார்.

டொயோட்டா ஹைலக்ஸ் முதன்முதலாக ஜப்பானில் வெளிவந்தது 1968-ல். இயந்திரம் ஒன்றரை லிட்டர் பெட்ரோல். நீளம் நாலே கால் மீட்டருக்குள். சுமை ஒரு டன். இன்றைய ஹைலக்ஸின் நீளம் ஐந்தே கால் மீட்டருக்கும் மேல். நீளம் முழுசாக ஒரு மீட்டர் வளர்ந்திருக்கிறது. சுமை எவ்வளவு வளர்ந்தது? இன்றும் ஏறக்குறைய அதே ஒரு டன்தான். வளர்ந்ததெல்லாம் மனிதர் உட்காரும் பக்கம். ஒற்றை வரிசை வண்டியின் தொட்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீளும். இரண்டு வரிசை வண்டியில் அது ஒன்றரை மீட்டருக்குச் சுருங்கிவிடும். அதிக விலை கொடுத்துக் குறைந்த தொட்டியை வாங்குகிறோம் என்று பொருள்.

பழைய டீசல் இயந்திரம் கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். ஆனால் எளிமையானது. இப்போது வருவது மிகுந்த அழுத்தத்தில் எண்ணெயைப் பீய்ச்சும் இயந்திரம். ஒவ்வொரு துளி எப்போது போக வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது. டர்போ இருக்கிறது. காற்றைக் குளிரவைக்கும் கருவி இருக்கிறது. விபத்தில் ஊதி விரியும் காற்றுப் பைகள், சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் பிரேக், பின்னால் பார்க்கும் கேமரா, தொட்டால் வேலை செய்யும் திரை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள்.

இதில் எல்லாமே வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். காற்றுப் பை உயிரைக் காக்கும். நல்ல பிரேக் நம் பிள்ளைகளைக் காக்கும். லோரித் தொட்டியில் ஆட்களை ஏற்றிப் போய்க் கவிழ்ந்த விபத்துகளில் நம்மவர்கள் எத்தனை பேரை இழந்திருக்கிறோம்! பாதுகாப்புக்குச் செலவழிப்பதை யாரும் குறை சொல்லக்கூடாது. புகை குறைந்தால் நம் நெஞ்சுக்கும் நல்லது. ஆனால் தோல் இருக்கைக்கும் மினுமினுக்கும் சக்கரத்துக்கும் குலை ஏற்றும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

எளிய வண்டி செய்ய முடியாது என்பதும் இல்லை. 2023 நவம்பரில் டொயோட்டா கம்பெனி தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்று ஒரு வண்டியை இறக்கியது. அலங்காரம் கிடையாது. பின்பக்கம் தட்டையான மேடை. அதன்மேல் கூண்டு வேண்டுமா, பெட்டி வேண்டுமா, கடை போட வேண்டுமா, வாங்குகிறவர் தாமே அமைத்துக் கொள்ளலாம். ஆரம்ப விலை 459,000 பாட். அன்றைய மதிப்பில் சுமார் 60 ஆயிரம் வெள்ளி. மனம் வைத்தால் முடிகிறது. அடுத்த வீட்டுக்காரனுக்கு முடிந்திருக்கிறது.

நம் நாடும் ஒரு காலத்தில் சின்னப் பிக்கப் செய்தது என்று சொன்னால் இளையவர்கள் நம்ப மாட்டார்கள். 2002-ல் புரோட்டோன், வீரா காரை அடிப்படையாக வைத்து அரீனா என்ற பிக்கப்பைக் கொண்டு வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு ஜம்பக் என்ற பெயரில் ஏற்றுமதியும் ஆனது. இங்கே அது பெரிதாக விலை போகவில்லை. சில ஆண்டுகளில் நின்றுவிட்டது.

வெள்ளியின் மதிப்பு

நம் நாட்டில் ஓடும் பிக்கப்புகளுக்குத் தாய்வீடு தாய்லாந்து. ஃபோர்டு ரேஞ்சரும் மிட்சுபிஷி டிரைட்டனும் அங்கேயே முழுதாகச் செய்யப்பட்டு வந்தவை. ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், நிசான் நவாரா ஆகியவற்றை இங்கே பொருத்தி முடித்தாலும் சாமான்களில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வரவேண்டும். வெளியிலிருந்து வருவதற்கு வெளிநாட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.

2012-ல் 100 தாய்லாந்து பாட் வாங்கச் சுமார் 10 வெள்ளி போதும். 2024 தொடக்கத்தில் அதற்கு 13 வெள்ளிக்கு மேல் ஆயிற்று. அதாவது தாய்லாந்துக்காரன் விலையை ஒரு காசு கூட்டாமல் இருந்தாலும், நமக்கு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. அதே 2024 பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலர் 4 வெள்ளி 80 காசை எட்டியது. 1998-க்குப் பிறகு வெள்ளி அவ்வளவு தாழ்ந்ததில்லை. பின்னர் வெள்ளி தேறி வந்தது. விலைச் சீட்டு தேறி வந்ததா? கடைக்காரரைக் கேளுங்கள். சிரிப்பார்.

2021-ல் உலகம் முழுதும் கணினிச் சில்லுக்குத் தட்டுப்பாடு வந்ததையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நகம் அளவு சில்லு இல்லாமல் பெரிய பெரிய தொழிற்சாலைகள் வாரக் கணக்கில் படுத்துவிட்டன. வண்டி குறைந்தது, கேட்பவர் குறையவில்லை. அப்போதுதான் கம்பெனிகள் ஒரு பாடம் படித்தன. இருக்கிற சில்லை விலை உயர்ந்த வண்டியில் வைத்தால் குறைந்த வண்டி விற்றும் லாபம் குறையாது. அந்தப் பாடத்தை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

கோழிச் சண்டையில் வந்த வரி

"அமெரிக்காவிலே மலிவாம்லே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கேயும் இதே புலம்பல்தான். அதன் பின்னால் ஒரு கோழிக் கதை இருக்கிறது.

1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவாக ஐரோப்பாவில் போய் இறங்கியது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் தங்கள் பண்ணையைக் காப்பாற்ற அந்தக் கோழிக்கு வரி போட்டன. அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது. 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் பதிலடி கொடுத்தார். உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி ஆகியவற்றோடு வெளிநாட்டுச் சிறு லோரிக்கும் 25 விழுக்காடு வரி. அடி விழுந்தது ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் வண்டிக்கு. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. மற்ற பொருள்களின் வரியும் போயிற்று. லோரி வரி மட்டும் அறுபது ஆண்டுகள் கடந்தும் இருக்கிறது!

வேலி இருந்ததால் வெளியிலிருந்து சின்ன மலிவு வண்டி நுழைவது கஷ்டமாயிற்று. உள்ளூர்க் கம்பெனிகள் பெரிய வண்டியாகச் செய்து பெரிய லாபம் பார்த்தன. ஃபோர்டு கம்பெனியே தன் வெளிநாட்டுத் தொழிற்சாலையில் செய்த சரக்கு வேனைப் பின் இருக்கைகளோடு பயணிகள் வண்டி என்று இறக்குமதி செய்து, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி எடுத்தது. வரி ஏய்ப்பு என்று வழக்கு வந்து, 2024-ல் 365 மில்லியன் டாலர் கொடுத்துத் தீர்த்துக் கொண்டது. நம் தோட்டத்தில் யாராவது ஒரு மூட்டை உதிரிப் பழத்தை மறைத்தால் போலீஸ் வருகிறது.

இன்னொரு கணக்கும் அங்கிருந்தே வருகிறது. இது நமக்கு நெருக்கமானது. 1914-ல் ஹென்றி ஃபோர்டு தம் தொழிலாளருக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். 1925 ஏப்ரலில் அதே கம்பெனி, மாடல் டி வண்டியின் பின்னால் தொட்டி வைத்து, கம்பெனியிலேயே செய்த பிக்கப்பை வெளியிட்டது. விலை 281 டாலர். அந்த 5 டாலர் கணக்கில் பார்த்தால் ஐம்பத்தாறு நாள் கூலியும் கொஞ்சம் சில்லறையும். ஃபோர்டு தொழிலாளரின் நண்பர் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 1941 வரை சங்கத்தோடு ஒப்பந்தம் போட மறுத்த மனிதர் அவர். அந்த 5 டாலருக்கும் ஏகப்பட்ட நிபந்தனை உண்டு. ஆனால் கூலிக்காரன் கையில் காசு இருந்தால்தான் தம் வண்டி விற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். 2013-ல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஒரு லட்சம் வெள்ளிப் பிக்கப்புக்கு எத்தனை நாள் கூலி? ஏறக்குறைய 1,530 நாள். சோறு தின்னாமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், ஒரு காசு செலவில்லாமல் ஐந்து வருஷம் வேலை செய்தால் ஒரு பிக்கப்.

ஆகவே "பிக்கப் விலை ஏன் இவ்வளவு?" என்ற கேள்வியில் பாதிதான் பிக்கப்பைப் பற்றியது. மறுபாதி நம் சம்பளத்தைப் பற்றியது.

"மாசம் எவ்வளோ?"

விலையைக் கேட்டு மிரண்டவனை உட்கார வைக்கக் கடையில் ஒரு வித்தை உண்டு. விற்பனைக்காரர் விலையைப் பேசவே மாட்டார். "தம்பி, விலையை விடுங்க. மாசம் எவ்வளோ கட்ட முடியும்?" என்பார். அங்கேதான் தலையைக் கொடுக்கிறோம்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக் கொள்வோம். விலை 120,000 வெள்ளி. முன்பணம் பத்து விழுக்காடு, 12,000. மீதி 108,000 கடன். நெடுங்காலமாக நடந்து வந்த நிலையான வட்டி முறையில் ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு என்று வையுங்கள். ஐந்து வருஷத்தில் கட்டினால் வட்டி 18,900 வெள்ளி, மாதத் தவணை 2,115. "ஐயோ, முடியாது" என்பீர்கள். உடனே ஒன்பது வருஷமாக நீட்டுவார். மாதம் 1,315. "அட, முடியும் போலிருக்கே!" ஆனால் வட்டி 34,020 வெள்ளியாகிவிட்டது. மாதம் 800 வெள்ளி குறைந்த மகிழ்ச்சியில் 15,120 வெள்ளி கூடுதலாகப் போனதை யாரும் பார்ப்பதில்லை. 120,000 வெள்ளி வண்டி வீட்டுக்கு வந்து முடியும்போது 154,020 வெள்ளி.

மூன்றரை என்று சொன்னாலும் அது மூன்றரை அல்ல. கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முதல் நாள் கடனுக்கே போடுகிறார்கள். உண்மையான வட்டி என்று கணக்குப் பார்த்தால் ஆறு விழுக்காட்டைத் தாண்டும். ஒப்பந்தத்தில் எந்த முறை எழுதியிருக்கிறது, நிலையான வட்டியா, குறையும் கடனுக்குக் குறையும் வட்டியா என்று கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

நீண்ட தவணைதான் விலையைத் தாங்கிப் பிடித்திருக்கும் முட்டுக்கட்டை என்பது நம் கருத்து. ரொக்கமாகக் கொடு என்றால் இந்த விலைக்கு வண்டி ஓடாது. ஒன்பது வருஷத் தவணை இருப்பதால் கம்பெனிக்கு விலையை இறக்க வேண்டிய அவசரமே இல்லை.

1,700 வெள்ளிச் சம்பளத்தில் சேம நிதிக்கு 11 விழுக்காடு போனால் மீதி 1,513. சொக்சோவும் போகும். அதில் 1,315 தவணை. மிஞ்சுவது 200 வெள்ளிகூட இல்லை. சம்பளத்தை நம்பித் தவணை கட்ட முடியாது, வண்டியே சம்பாதிக்க வேண்டும். வண்டி சம்பாதிக்குமா? டன்னுக்கு எவ்வளவு, மாதம் எத்தனை டன், செம்பனை காய்ப்புக் குறையும் மாதங்களில் எத்தனை, மழை நாளில் எத்தனை என்று எழுதிப் பார்த்தவர்கள் குறைவு.

டீசலையும் பாருங்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே நாளில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போயிற்று. நாளுக்குப் பத்து லிட்டர், மாதம் 26 நாள் ஓடும் வண்டிக்கு அன்று கூடியது மாதம் 312 வெள்ளி. தகுதி உள்ளவர்களுக்கு அரசாங்கம் அப்போது மாதம் 200 வெள்ளி உதவி கொடுத்தது. மீதி நம் பை. டீசலில் கலப்பது நாம் வெட்டிய குலையின் எண்ணெய் என்பதைச் சொல்லிச் சிரித்துக் கொள்ளலாம், வேறென்ன செய்வது!

காப்புறுதி, டயர், சர்வீஸ் எல்லாம் இதற்கு மேல். பிறர் சாமானைக் கூலிக்கு ஏற்றுவதானால் அதற்கான உரிமமும் எடுக்க வேண்டும். தனியார் வண்டியாகப் பதிந்துவிட்டுக் கூலிக்கு ஓட்டிப் பிடிபட்டால் ஒரு மாத வருமானம் அபராதத்திலேயே போய்விடும்.

ஒரு குடும்பம்

பேராக்கில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். முப்பது வருஷம் பால் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறிய ஒரு பெரியவர் 55 வயதில் சேம நிதிப் பணத்தை எடுத்தார். மகன் குலை ஏற்றும் குத்தகை கிடைத்திருக்கிறது என்றான். முன்பணத்துக்கு அப்பாவின் சேம நிதி. பிணைக் கையெழுத்துக்குத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்காள். அழகான இரண்டு வரிசை வண்டி வந்தது. கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். தோட்டமே பார்த்தது.

ஒரு வருஷமும் சில மாதங்களும் நன்றாக ஓடியது. பிறகு குத்தகையை ஐந்து டன் லோரி வைத்திருந்த ஒருவர் குறைந்த விலைக்கு எடுத்துக் கொண்டார். தவணை இரண்டு மாதம் நின்றது. நிதி நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்த கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் ஆட்கள் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஏலத்தில் போன விலை கடனுக்குப் போதவில்லை. பற்றாக்குறையைக் கட்டச் சொல்லிக் கடிதம் அக்காளுக்கு வந்தபோதுதான் நம்மிடம் வந்தார்கள். பெரியவர் ஒன்றுமே பேசவில்லை. அக்காள்தான் கேட்டாள்: "நான் அந்த வண்டியிலே ஒரு நாளு ஏறினதில்லீங்க. நான் ஏன் கட்டணும்?"

சட்டப்படி அவள் கட்டத்தான் வேண்டும். பிணை என்றால் அதுதான். தவணையைச் சிறிதாக்கித் தரும்படி பேசி முடித்தோம், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

அந்தக் கடிதத்தை வந்த அன்றே கொண்டு வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தமானால், தொடர்ந்து இரண்டு தவணை நின்ற பிறகும் 21 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிக்காமல் வண்டியை இழுக்க முடியாது. முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இழுக்க வருகிறவரிடம் அனுமதி அட்டை இருக்க வேண்டும். கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். இழுத்துப் போன பிறகும் விற்பதற்கு முன் இன்னொரு 21 நாள் அவகாசம் உண்டு. பாக்கியைக் கட்டி மீட்கலாம். கடன்காரர் இறந்துபோனால் நான்கு தவணை நின்றால்தான் கை வைக்க முடியும்.

ஆனால் பிக்கப் வாங்குகிறவர் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சரக்கு வாகனம் என்றால் சுமையோடு சேர்த்து 2,540 கிலோவுக்கு உட்பட்டது என்று எல்லை போட்டார்கள். அந்தக் காலத்துச் சின்ன வண்டிகள் அதற்குள் அடங்கின. இன்றைய வண்டி சுமையோடு அந்த எல்லையைத் தாண்டும். வளர்ந்த ஒரு மீட்டர் இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள். ஆகவே "இந்த ஒப்பந்தம் 1967 சட்டத்தின் கீழ் வருகிறதா?" என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாங்கிப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்தது என்ன என்று விசாரித்துப் பார்த்தோம். பழைய ஒற்றை வரிசை வண்டியைப் பார்த்து வாங்கினார்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கையில் வேலை இருந்த பிறகு வண்டி வாங்கினார்கள், வண்டி வாங்கிவிட்டு வேலை தேடவில்லை. ஒரு தோட்டத்தில் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்கி, முறை வைத்து ஓட்டுகிறார்கள். சண்டை வரும் என்று நாமே நினைத்தோம். வந்தது, தீர்ந்தது, வண்டி ஓடுகிறது.

ஒப்பந்தத் தாள் கையில் வந்து, படிக்கத் தெரியாமல் தவிப்பவர்கள் சங்கத்தின் கிளைச் செயலாளரிடம் கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்து வந்தாலும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்வோம். பிணைக் கையெழுத்துப் போடப் போகும் அக்காள், தங்கை, மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களும் கேட்கட்டும்.